யூரியாதான் பயிருக்குச் சோறா? ஆறாம் வகுப்பு அறிவியலும் டெல்டா பிள்ளைகளும்

ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறப்பது டெல்டாவின் வழக்கம். அணையில் தண்ணீர் இல்லாத வருடங்களில் தேதி தள்ளிப்போகும். ஆனாலும் ஊரில் எல்லாரும் அந்தத் தேதியை வைத்துத்தான் பேசுவார்கள். ஏறக்குறைய அதே நாட்களில் ஊர்த் தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பை முடித்த பிள்ளைகள் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்கோ மேல்நிலைப் பள்ளிக்கோ பஸ் ஏறுகிறார்கள். வயது பதினொன்று.

அதுவரை ஒரே டீச்சர்தான் தமிழும் சொல்லித் தந்திருப்பார், கணக்கும் சொல்லித் தந்திருப்பார், காலையில் சாப்பிட்டாயா என்றும் கேட்டிருப்பார். ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர். மணி அடித்தால் ஒருவர் போவார், இன்னொருவர் வருவார். பாடநூலும் கனமாகிறது. 2018-19இல் புதுப்பிக்கப்பட்ட ஆறாம் வகுப்பு அறிவியல் நூலில் முதல் பருவத்தை மட்டும் புரட்டினாலே அளவீடுகள், விசையும் இயக்கமும், பருப்பொருள்கள், தாவரங்கள், விலங்குகள், உடல்நலம், கணினி என்று வரிசை கட்டி நிற்கின்றன. சில பிள்ளைகள் ஐந்தாவது வரை தமிழ்வழியில் படித்துவிட்டு இந்த இடத்தில் ஆங்கிலவழிக்கு மாறுகிறார்கள். சொல்லித் தருபவர் தாவரவியல் பட்டதாரியாக இருப்பார். மின்சுற்றும் காந்தமும் அவர்தான் நடத்த வேண்டும். ஒரு வருடத்துக்குள் இத்தனை மாற்றம்.

இந்த நெருக்கடியில் ஆசிரியர் பாடத்தை ஓட்டத்தான் பார்ப்பார், அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஓட்டும்போது ஒன்று மட்டும் கண்ணில் படாமல் போகிறது. பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு விளக்கம் இருக்கிறது. மழை ஏன் பெய்கிறது, பயிர் எப்படி வளர்கிறது, கனமான கல் ஏன் வேகமாக விழுகிறது என்று கேட்டுப் பாருங்கள், பதினோரு வயதுப் பிள்ளையிடம் பதில் தயாராக இருக்கும். பாதி சரியாகவும் பாதி தவறாகவும் இருக்கும். அதை வெளியே எடுக்காமல் மேலே புதுப் பாடத்தைப் போட்டால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்: பரீட்சைக்கு ஒன்று, வாழ்க்கைக்கு ஒன்று. அறிவியல் கல்வி ஆய்வாளர்கள் 1970களிலிருந்து பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்டது இதைத்தான். டெல்டாப் பிள்ளைகளிடம் இந்த முன்விளக்கங்கள் கூடுதலாகவே இருக்கும். வயலும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள்.

வயல் ஏன் பள்ளமாகவில்லை?

பயிருக்குச் சாப்பாடு எது என்று ஆறாம் வகுப்பில் கேட்டால் "யூரியா சார்" என்ற பதில் உடனே வரும். இன்னும் சிலர் டி.ஏ.பி., பொட்டாஷ் என்பார்கள். மண் என்று சொல்பவர்களும் உண்டு. வீட்டில் கேட்ட பேச்சு அப்படி: பயிர் வெளுத்திருக்கிறது, உரம் போட்டால் தேறிவிடும். போட்டார்கள், தேறியது, பிள்ளை கண்ணால் பார்த்தது. அப்புறம் பாடநூலில் "இலை உணவு தயாரிக்கிறது" என்று படித்தால் அந்த வரி எங்கே போய் ஒட்டும்?

இதைத் தவறு என்று சொல்லித் தள்ளுவதில் பயனில்லை. கணக்குப் போடச் சொல்ல வேண்டும். ஓர் ஏக்கரில் எத்தனை மூட்டை கண்டது என்று எந்தப் பிள்ளையும் வீட்டில் கேட்டு வந்துவிடும். 30 மூட்டை என்று வைத்துக்கொள்வோம். மூட்டைக்கு 60 கிலோ என்றால் 1,800 கிலோ நெல். வைக்கோலும் கிட்டத்தட்ட அதே அளவு. ஆக மூன்றரை டன் வயலைவிட்டு வெளியே போகிறது. போட்ட யூரியா எவ்வளவு? ஒரு மூட்டை 45 கிலோ. இரண்டு மூட்டையே போட்டிருக்கட்டும், 90 கிலோ. மிச்சம் எங்கிருந்து வந்தது?

மண்ணிலிருந்து என்பார்கள். அப்படியானால் தாத்தா காலத்திலிருந்து வருடா வருடம் இத்தனை டன் வெளியே போயிருக்கிறதே, வயல் ஏன் பள்ளமாகவில்லை?

இந்த இடத்தில் வகுப்பு சூடுபிடிக்கும். டெல்டாவில் மட்டும் வரக்கூடிய பதில் ஒன்றும் வரும்: "ஆத்துல வண்டல் வருதே சார்." அருமையான பதில். ஒரு பிள்ளை எதிர்வாதத்துக்குக் காரணம் கண்டுபிடித்திருக்கிறது. அதையும் சோதிக்கத்தான் வேண்டும். 1934இல் மேட்டூர் அணை வந்த பிறகு வண்டலில் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது. போர்செட் தண்ணீரில் விளையும் வயலுக்கு வண்டல் வருவதே இல்லை. அந்த வயலும் பள்ளமாகவில்லை. அப்புறம் மொட்டைமாடித் தொட்டியில் வளரும் முருங்கைக்கு எந்த ஆறு வண்டல் கொண்டுவருகிறது?

இதே கேள்வியைக் கேட்டு ஐந்து வருடம் காத்திருந்த மனிதர் ஒருவர் உண்டு. வான் ஹெல்மான்ட். இன்றைய பெல்ஜியத்தைச் சேர்ந்தவர். காயவைத்து எடை போட்ட மண்ணில் ஒரு வில்லோ மரக்கன்றை நட்டுத் தண்ணீர் மட்டும் ஊற்றினார். சுமார் இரண்டே கால் கிலோ இருந்த கன்று 76 கிலோவுக்கு மேல் வளர்ந்தது. மண்ணில் குறைந்ததோ 60 கிராம்கூட இல்லை. அவர் இறந்த பின்னால் 1648இல்தான் இது அச்சில் வந்தது. மரம் முழுவதும் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு கட்டினார். அது பாதிதான் சரி. காற்றிலிருந்து கரியமில வாயுவை இலை எடுத்துக்கொள்வது அவருக்குத் தெரியாது. பெரிய ஆராய்ச்சியாளருக்கே பாதிதான் பிடிபட்டது என்று கேட்கும்போது பிள்ளைகளின் முகத்தில் ஒரு தெம்பு வருவதைப் பார்க்கலாம்.

காய்ந்த நெல்லிலும் வைக்கோலிலும் இருக்கும் எடையில் பெரும்பகுதி காற்றும் தண்ணீரும் வெயிலும் சேர்ந்து இலையில் உண்டானது. யூரியா தருவது தழைச்சத்து. அது இல்லாவிட்டால் இலை பச்சையாகாது, உணவு தயாரிக்கும் வேலை சரியாக நடக்காது; ஆனால் அதுவே உணவு இல்லை. வீட்டில் கேட்ட பேச்சுக்கும் பாடநூல் வரிக்கும் இடையே இப்படிச் சமாதானம் செய்துவைக்க முழுசாக இரண்டு பாடவேளை ஆகும். ஆகட்டும் என்பதே என் கட்சி. இந்த ஒன்று சரியாக விழுந்துவிட்டால் ஏழாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பாடங்களெல்லாம் இதன் மேல்தான் வந்து உட்காரப் போகின்றன.

பானை கசியும், டம்ளர் கசியாது

நீர் பற்றிய பாடத்தில் ஆவியாதலும், ஆவி குளிர்ந்து மறுபடி நீராவதும் வருகின்றன. எல்லா ஆசிரியரும் செய்துகாட்டுவது, ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளர். வெளிப்பக்கம் முத்து முத்தாக நீர் பூக்கும். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் உள்ளேயிருந்து கசிந்தது என்பார்கள். உலகம் முழுக்கப் பிள்ளைகள் சொல்லும் பதில்தான்.

டெல்டாப் பிள்ளையிடம் அதற்குச் சாட்சியும் இருக்கிறது. "எங்க அப்பாயி வீட்டுப் பானையில அப்படித்தான் சார் கசியும்." உண்மைதானே. மண்பானை கசியத்தான் செய்கிறது. கசிவதால்தான் தண்ணீர் குளிர்கிறது. பானையில் சரியாக இருந்த விளக்கத்தைப் பிள்ளை டம்ளருக்கும் எடுத்து வந்திருக்கிறது. இரண்டின் வெளிப்புறமும் ஈரம், இரண்டையும் தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. அது யோசித்துச் சொன்ன பதில் என்பதை ஆசிரியர் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சோதிக்கலாம். மளிகைக் கடையில் இருப்பது போன்ற மின்னணுத் தராசு ஒன்று போதும். ஒரு சின்ன மண்சட்டியில் தண்ணீர் ஊற்றி, தட்டுப் போட்டு மூடி, நிறுத்து, எடையைக் கரும்பலகையில் எழுதுங்கள். மூடிபோட்ட டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றி, வெளிப்புறத்தைத் துடைத்து, அதையும் நிறுங்கள். இப்போது கேள்வி: அரை மணி நேரம் கழித்து எது கூடும், எது குறையும்? எல்லாரும் நோட்டில் எழுத வேண்டும், எழுதிய பிறகு அடிக்கக் கூடாது. கசிவுக் கட்சிக்காரர்கள் இரண்டுமே குறையும் என்பார்கள், அல்லது ஈரம் மேலேயே ஒட்டியிருப்பதால் மாறாது என்பார்கள். கூடும் என்று எழுதுபவர் அபூர்வம்.

டம்ளர் கூடியிருக்கும். சில கிராம்தான். ஆனால் கூடியிருக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துக் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் கண்ணுக்குத் தெரியும்படியே கூடும். மண்சட்டி குறைந்திருக்கும், மதியம் வரை விட்டு வைத்தால் நன்றாகவே குறையும். உள்ளேயிருந்து கசிந்திருந்தால் டம்ளரின் எடை ஏன் கூடியது? வெளியே இருந்து ஏதோ வந்து ஒட்டியிருக்கிறது. வெளியே இருப்பது காற்று மட்டும்தான். அந்தப் படியைப் பிள்ளைகளே ஏறிவிடுவார்கள். டம்ளரில் ரோஸ்மில்க் ஊற்றிப் பார்க்கலாம், வெளியே வருவது சிவப்பாக வருகிறதா என்று பார்க்கலாம் என ஒரு பிள்ளை யோசனை சொன்னால், அன்றைக்குப் பாடத்தை அந்தப் பிள்ளையிடம் ஒப்படைத்துவிடலாம்.

இதில் கவனிக்க வேண்டியது கணிப்பை எழுதச் சொல்வதுதான். எழுதாமல் செய்துகாட்டினால், பார்த்த பிறகு எல்லாரும் "எனக்கு அப்பவே தெரியும்" என்பார்கள். எழுதியிருந்தால், தான் நினைத்தது வேறு, நடந்தது வேறு என்பது அவரவர் கையெழுத்திலேயே இருக்கும். கருவி வாங்கக் காசு இல்லாத பள்ளியிலும் இதைச் செய்யலாம்.

கன அடி, டி.எம்.சி., மரக்கால்

அளவீடுகள் பாடம்தான் பருவத்தின் முதல் பாடம். மீட்டர், கிலோகிராம், லிட்டர், இடமாறு தோற்றப்பிழை என்று பெரும்பாலும் மூன்றே நாளில் ஓடிவிடும். ஆனால் ஜூன், ஜூலையில் டெல்டாவில் அளவைப் பேசாத டீக்கடை கிடையாது. மேட்டூரில் நீர்மட்டம் எத்தனை அடி, விநாடிக்கு எத்தனை ஆயிரம் கன அடி, கையில் எத்தனை டி.எம்.சி. பிள்ளைகள் தினமும் டிவியில் கேட்கிறார்கள். ஒரு கன அடி எவ்வளவு பெரியது என்று கையை விரித்துக் காட்டச் சொன்னால் ஆளுக்கு ஒரு அளவு காட்டுவார்கள்.

அட்டையில் ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரத்தில் ஒரு பெட்டி செய்து வகுப்பில் வைக்க வேண்டும். தண்ணீர் ஊற்ற வேண்டாம், அட்டை தாங்காது. இதில் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று கேட்டால் பத்து என்றும் பதினைந்து என்றும் சொல்வார்கள். 28 லிட்டருக்குக் கொஞ்சம் கூட. சரி, இப்போது எல்லாப் பக்கமும் அரை அடி இருக்கும்படி இன்னொரு பெட்டி, உள்ளே பாலிதீன் உறை போட்டு. இதில் எத்தனை லிட்டர்? பாதி அளவுப் பெட்டி, ஆகவே 14 என்று வகுப்பே ஒரு குரலில் சொல்லும். லிட்டர் பாட்டிலால் ஊற்ற ஆரம்பித்தால் நாலாவது பாட்டில் முடிவதற்குள் வழிந்துவிடும். மூன்றரை லிட்டர்தான். அந்த நிமிடத்தில் வகுப்பில் எழும் சத்தத்தைத் தலைமையாசிரியர் பொறுத்துக்கொள்ள வேண்டும். சின்னப் பெட்டிகளைப் பெரிய பெட்டிக்குள் அடுக்கிப் பார்க்கச் சொன்னால் கீழே நான்கு, மேலே நான்கு என எட்டுப் பிடிக்கும் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

அப்புறம் டி.எம்.சி. எளிது. நூறு கோடி கன அடி ஒரு டி.எம்.சி. லிட்டரில் 2,800 கோடிக்கு மேல். மேட்டூர் 120 அடி நிரம்பினால் 93.47 டி.எம்.சி. அணையிலிருந்து விநாடிக்கு 10,000 கன அடி என்று செய்தியில் சொன்னால், ஒரு நாள் முழுக்கத் திறந்துவிட்டாலும் ஒரு டி.எம்.சி. ஆகாது. இந்தக் கணக்கைப் போடத் தெரிந்த பிள்ளை வீட்டில் போய் அப்பாவுக்குச் சொல்லிக் கொடுக்கும். பள்ளியில் படித்தது வீட்டில் உதவுகிறது என்று ஒரு குடும்பத்துக்குத் தெரிவது சாதாரண விஷயம் இல்லை.

வேகமும் இதே தண்ணீரில் கிடைக்கும். வாய்க்கால் கரையில் 10 மீட்டர் அளந்து இரண்டு குச்சி நட்டு, ஒரு பூவரச இலையை விட்டு, எத்தனை விநாடியில் கடக்கிறது என்று எண்ண வேண்டும். 20 விநாடி என்றால் விநாடிக்கு அரை மீட்டர். ஒரு நாளைக்கு 43 கிலோமீட்டர். அந்தக் கணக்குப்படி மேட்டூரிலிருந்து சில நாட்களில் வந்து சேர வேண்டிய தண்ணீர் கடைமடைக்கு ஏன் அவ்வளவு தாமதமாக வருகிறது என்பது அடுத்த கேள்வி. காய்ந்த ஆற்று மணல் குடிப்பது, கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிவது, முறை வைத்து மதகு திறப்பது, வழியில் ஒவ்வொரு வாய்க்காலும் நிரம்ப வேண்டியிருப்பது எல்லாம் பேச்சில் வரும். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: முழங்கால் ஆழத்துக்கு மேல் போகாத வாய்க்காலாக இருக்க வேண்டும், பிள்ளைகள் கரையில்தான் நிற்க வேண்டும். காவிரியிலும் கொள்ளிடத்திலும் மணல் அள்ளிய பள்ளங்கள் எத்தனையோ பிள்ளைகளை விழுங்கியிருக்கின்றன.

பொது அளவு எதற்கு என்ற கேள்விக்குப் பாடநூல் சாண், முழம் அளந்துபார்க்கச் சொல்கிறது. நல்ல செயல்பாடுதான். ஆனால் இந்த மண்ணில் அதைவிடக் கனமான விடை இருக்கிறது. அறுப்புக் கூலியை நெல்லாக வாங்கிய காலத்தில், மரக்கால் எந்த அளவு, தலை தட்டி அளக்கிறார்களா கும்பாச்சியாக அளக்கிறார்களா என்பதில் ஒரு குடும்பத்தின் ராச்சாப்பாடு இருந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டதற்குப் பின்னால் நெல்லாகக் கொடுக்கும் கூலியை உயர்த்தக் கேட்ட போராட்டம் இருந்தது. பதினோரு வயதுக்கு அந்தக் கொடுமையை எவ்வளவு சொல்வது என்பது ஆசிரியர் முடிவு. ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவு என்பது ஆய்வகத்துக்கு மட்டும் தேவைப்பட்ட ஒன்றில்லை என்பதை இந்த மாவட்டங்களில் சொல்லாமல் விடக் கூடாது என்று நினைக்கிறேன்.

உள்ளூர் உதாரணம் என்றால் எந்த ஊர்?

உள்ளூர் உதாரணம் கொடுங்கள் என்று எல்லாப் பயிற்சியிலும் சொல்கிறார்கள். பிரித்தெடுத்தல் முறைகளில் தூற்றுதல் வரும்போது, டெல்டாதானே, பிள்ளைகளுக்குத் தெரியும் என்று ஆசிரியர் தாண்டிவிடுவார். இன்றைக்கு ஆறாவது படிக்கும் பிள்ளை பெரும்பாலும் களத்துமேட்டில் முறத்தால் தூற்றியதைப் பார்த்ததில்லை. அறுவடை இயந்திரம் வயலிலேயே அறுத்து, அடித்து, ஊதித் தள்ளி நெல்லை டிராக்டரில் கொட்டிவிடுகிறது. பிள்ளை பார்த்திருப்பது கொள்முதல் நிலையத்தில் மின்விசிறி வைத்த தூற்றும் இயந்திரம். அங்கிருந்து தொடங்கலாம். பதர் ஏன் தூரம் போகிறது, நெல் ஏன் பக்கத்திலேயே விழுகிறது என்ற கேள்வி மாறவில்லை.

அதே பாடத்துக்கு இன்னும் நல்லதொன்று விதைத்தேர்வு. தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே போக வேண்டும். அடியில் கிடக்கும் கோழிமுட்டை மெல்ல எழும்பி, அதன் மேல்புறம் ஒரு நாணய அளவுக்கு வெளியே தெரியும்போது நிறுத்த வேண்டும். இப்போது விதை நெல்லைக் கொட்டினால் கருக்காய் மிதக்கும், திரண்ட மணி அமிழும். அமிழ்ந்ததை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட்டு விதைப்பார்கள். பாடநூலில் தனித்தனிப் பக்கங்களில் இருக்கும் கரைசல், மிதத்தல், பிரித்தெடுத்தல் மூன்றும் ஒரே வாளியில் கிடைக்கின்றன. மிதந்ததில் 50, அமிழ்ந்ததில் 50 எண்ணி, இரண்டையும் அதே போல அலசி, ஈரத்துணியில் தனித்தனியாகக் கட்டி வைத்து முளைத்ததை எண்ணினால் சோதனையும் முழுமையாகும். இரண்டு கட்டுக்கும் ஒரே துணி, ஒரே தண்ணீர், ஒரே இடம் ஏன் வேண்டும் என்று பிள்ளைகளிடம் வாதாட வைக்க வேண்டும். அறிவியல் முறை என்பதன் முதல் பாடம் அதில்தான் இருக்கிறது.

எல்லாப் பிள்ளையும் வயல் பிள்ளை இல்லை என்பதும் நினைவில் இருக்க வேண்டும். கும்பகோணம் நகரத்துப் பிள்ளைக்குப் பாத்திரப் பட்டறை தெரியும். சுவாமிமலையில் மெழுகில் உருவம் செய்து, ஆற்று வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகத்தைக் காய்ச்சி ஊற்றுகிறார்கள். மீளும் மாற்றம், மீளா மாற்றம் இரண்டும் அந்த ஒரு வேலைக்குள் இருக்கின்றன: மெழுகு உருகி மறுபடி கட்டியாகும், சுட்ட மண் மறுபடி சேறாகாது. வேதாரண்யத்துப் பிள்ளைக்கு உப்பளம். முத்துப்பேட்டைப் பிள்ளைக்கு அலையாத்திக் காடு. சேற்றிலிருந்து மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சு வேரை அது மிதித்து நடந்திருக்கும், இலை நாக்கில் கரிக்கும் என்பதும் தெரிந்திருக்கும்.

வயலைப் பேசும்போது இன்னொரு ஜாக்கிரதை வேண்டும். "உங்க வீட்டுல எத்தனை மா நிலம்?" என்று வகுப்பில் கேட்கவே கூடாது. நிலம் உள்ள வீட்டுப் பிள்ளையும், அந்த நிலத்தில் நடவு நடும் அம்மாவின் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கேள்வி ஒருவரை உயர்த்தி ஒருவரைக் குனிய வைக்கும். நாற்றை எத்தனை நாளில் பறிக்க வேண்டும், எவ்வளவு ஆழத்தில் ஊன்ற வேண்டும், எந்தப் புல் நெல் மாதிரியே இருந்து ஏமாற்றும் என்று கேட்டால், நடவுக்குப் போகும் அம்மாவின் பிள்ளைக்குத்தான் விடை அதிகம் தெரிந்திருக்கும். வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை வகுப்புக்குச் சொல்லித் தரும் இடத்துக்கு வருவது இப்படிப்பட்ட கேள்விகளால்தான். அறிவியல் வகுப்பில் எனக்கு இதைவிடப் பெரிய விஷயம் இல்லை.

பருவமும் பருவமும் மோதும் இடம்

பாடநூலுக்கு மூன்று பருவம், டெல்டாவுக்கு வேறு பருவம். நீர் பற்றிய பாடம் மூன்றாம் பருவத்தில், அதாவது ஜனவரிக்குப் பிறகு வருகிறது. மேட்டூர் மூடும் தேதி ஜனவரி 28. ஆற்றில் தண்ணீர் இருக்கும் மாதங்களில் தண்ணீர்ப் பாடம் இல்லை. ஆறு மணலாகக் கிடக்கும்போது நீர்ச் சுழற்சி நடத்துகிறோம். காற்றுப் பாடம் வரும் இரண்டாம் பருவத்தில் வடகிழக்குப் பருவமழை; அக்டோபர், நவம்பரில் மழை விடுமுறை என்று எத்தனை நாள் போகும் என்று சொல்ல முடியாது.

இதற்குப் பாடநூலை மாற்றச் சொல்லிக் காத்திருக்க வேண்டியதில்லை. பார்ப்பதையும் பதிவதையும் ஜூனில் தொடங்கி, பாடத்தை அதன் நேரத்தில் நடத்தலாம். வகுப்புச் சுவரில் ஒரு தாள். தினமும் ஒரு பிள்ளை மேட்டூர் நீர்மட்டம், தன் ஊர் வாய்க்காலில் தண்ணீர் உண்டா இல்லையா, மழை பெய்ததா என்று எழுதட்டும். நேர்ச்சுவருள்ள ஒரு டப்பாவும் ஒரு ஸ்கேலும் இருந்தால் மழையையும் அளந்துவிடலாம். பிப்ரவரியில் நீர்ப் பாடம் வரும்போது எட்டு மாதத் தரவு சுவரில் இருக்கும்.

உதவியே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்ட வானவில் மன்றம், 6 முதல் 8 வகுப்பு வரையுள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காகவே வந்த நடமாடும் ஆய்வகத் திட்டம். கருத்தாளர்கள் இருசக்கர வண்டியில் பொருட்களோடு வந்து செய்துகாட்டுகிறார்கள். அவர்கள் வந்துபோன மறுநாள் வகுப்பில் என்ன நடக்கிறது என்பதில்தான் பலன் இருக்கிறது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980களிலிருந்தே இந்தப் பக்கத்து ஆசிரியர்களோடு வேலை செய்து வருகிறது.

இந்த வயதுக்கு இப்படி நடத்த முடியுமா என்ற சந்தேகத்துக்கு நம் நாட்டிலேயே விடை இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் நர்மதைக் கரையிலுள்ள ஹோஷங்காபாத் (இன்றைய நர்மதாபுரம்) மாவட்டத்தில் 1972இல் 16 கிராமத்துப் பள்ளிகளில் ஒரு திட்டம் தொடங்கியது. 6 முதல் 8 வகுப்பு வரை, பிள்ளைகள் குழுவாகச் செய்து, பார்த்து, எழுதி, விவாதித்துக் கற்றார்கள். விலை குறைந்த பொருட்கள்தான். பின்னர் மாவட்டம் முழுவதும் பரவி, 1982இல் உருவான ஏகலவ்யா நிறுவனத்தின் பொறுப்பில் வளர்ந்தது. 2002இல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது. ஏன் நிறுத்தியது என்ற விவாதம் தனி. நமக்குப் பாடம், அது முப்பது வருடம் சாதாரண அரசுப் பள்ளிகளில் சாதாரண ஆசிரியர்களால் நடந்தது என்பதும், அவர்கள் தேர்வையும் சேர்த்து மாற்றினார்கள் என்பதும். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதும் தேர்வு, அதோடு செய்முறை. கற்பிப்பதை மாற்றிவிட்டுத் தேர்வை அப்படியே விட்டிருந்தால் முப்பது வருடம் தாங்கியிருக்காது.

நம்மிடம் அதற்கு ஏற்கெனவே ஒரு வாசல் இருக்கிறது. முப்பருவ முறையில் 60 மதிப்பெண் தொகுத்தறி மதிப்பீடு, அதாவது பருவ முடிவுத் தேர்வு; 40 வளரறி மதிப்பீடு, அதாவது பருவத்தின் நடுவே வகுப்பு வேலைகளுக்குப் போடும் மதிப்பெண். அந்த 40 ஆசிரியர் கையில். இப்போது அதில் பெரும்பகுதி சார்ட்டுக்கும் தெர்மாகோல் மாதிரிக்கும் போகிறது. பல வீடுகளில் அவற்றைச் செய்வது அக்காவோ அண்ணனோ, இல்லையென்றால் ஃபேன்சி ஸ்டோரில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அந்தக் காசு எல்லா வீட்டிலும் இல்லை. அதற்குப் பதிலாகக் கணிப்பு நோட்டுக்கு மதிப்பெண் போடலாம். ஒவ்வொரு சோதனைக்கும் மூன்று வரி: என்ன நடக்கும் என்று நினைத்தேன், என்ன நடந்தது, இப்போது என்ன நினைக்கிறேன். முதல் வரி தவறாக இருப்பதற்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது. இரண்டாவது வரியில் பார்த்ததைப் பார்த்தபடி எழுதியிருக்கிறதா, மூன்றாவது வரிக்குக் காரணம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். 40 பேர் வகுப்பில் அதைத் திருத்த ஒரு மாலை ஆகும். அடுத்த பாடத்தை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதும் அந்த ஒரு மாலையில் ஆசிரியருக்குத் தெரிந்துவிடும்.